ஓடாத பொருள் ஒண்ணு லேபுக்கு வரணும்

ஹை-பாஸ் ஃபில்டர் எக்ஸ்பெரிமென்ட்ல எனக்கு முழு மார்க். ஆனா அதே ஃபில்டர் எங்க வீட்டு ஸ்பீக்கர்ல கெட்டுப்போனப்ப, என்னால கண்டுபிடிக்க முடியல.

லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவோட பழைய ஸ்பீக்கர் ஜோடியில ஒண்ணு மட்டும் போர்வை போத்தின மாதிரி பாடிச்சு. ஜால்ரா, சலங்கைச் சத்தம் எல்லாம் காணோம். "இன்ஜினியரிங் படிக்கிறியே, என்னன்னு பாருப்பா"ன்னார் அப்பா.

ஆம்ப்ளிஃபையர்ல இடது, வலது வயரை மாத்திப் போட்டேன். குறை அதே பெட்டியிலதான் இருந்துச்சு. அப்போ ஆம்ப்ளிஃபையர் மேல தப்பில்ல. இதுவரைக்கும் சரி.

அப்புறம் ஆம்ப்ளிஃபையர் வயரைக் கழட்டிட்டு, பெட்டியின் பின்பக்க டெர்மினல்ல மல்டிமீட்டர் வச்சேன். 6.2 ஓம். வூஃபரைக் கழட்டிட்டு அதே இடத்துல மறுபடி அளந்தேன். ஓப்பன். "ட்வீட்டர் காயில் எரிஞ்சு போச்சுப்பா, புதுசு வாங்கணும்"னு தீர்ப்பு சொல்லிட்டேன்.

தெருமுனை ரேடியோ மெக்கானிக் அண்ணன் சிரிச்சார். "தம்பி, நடுவுல கெப்பாசிட்டர் இருக்கே, அதைத் தாண்டி மீட்டர் எப்படிப் பார்க்கும்?" உண்மைதான். மீட்டர் அனுப்புறது டிசி. கெப்பாசிட்டர் டிசியைத் தடுக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்! ட்வீட்டர் நல்லா இருந்தாலும் அங்கே ஓப்பன்னுதான் காட்டும்.

அவர் ட்வீட்டரோட ஒரு வயரை எடுத்துட்டு, அதோட முனைகள்லயே நேரா அளந்தார். 5.8 ஓம். 8 ஓம் ட்வீட்டருக்கு இது சரியான அளவுதான். அடுத்து கெப்பாசிட்டரைக் கழட்டினார். மேல எழுதியிருந்தது 4.7 மைக்ரோஃபாரட். மீட்டர் காட்டினது 0.3.

ஃபார்முலால போட்டுப் பாருங்க. 8 ஓமோட 4.7 இருந்தா கட்-ஆஃப் சுமார் 4,200 ஹெர்ட்ஸ். 0.3 ஆனா சுமார் 66,000 ஹெர்ட்ஸ். நம்ம காது கேக்கிறதே 20,000 வரைக்கும்தான். ட்வீட்டர் மௌனமானதுல என்ன ஆச்சரியம்? அதே அளவு நான்-போலார் கெப்பாசிட்டர் ஒண்ணு சால்டர் பண்ணினதும் சலங்கை திரும்பி வந்துச்சு. செலவு ரெண்டு டீக்காசு.

எனக்குத் தெரியாத எதையும் அண்ணன் சொல்லல. அதுதான் உறுத்துது. ஏன்னா நம்ம லேபுக்கு வர்ற கிட் எல்லாம் நல்லா ஓடுற கிட். எங்கே வயர் சொருகணும்னு மேனுவல்லயே இருக்கு. ரீடிங் எவ்வளவு வரணும்னு சீனியர் ரெக்கார்ட்ல இருக்கு. வராட்டி "அட்ஜஸ்ட்" பண்ணிக்கிறோம். அந்தத் தப்பான ரீடிங்லதான் படிக்க வேண்டிய விஷயமே இருக்கு. அதை நாமளே அழிச்சிடுறோம்.

சிலபஸ் முடிக்கவே நேரம் இல்லன்னு சொல்வாங்க. புரியுது. செமஸ்டருக்கு ஒரே ஒரு லேப் பீரியட் போதும். ஓடாத ஸ்பீக்கர், ரிமோட், டார்ச் எதையாவது மேசையில வைங்க. மேனுவல் வேண்டாம். சரியாகலன்னாலும் பரவாயில்ல, எங்கே அளந்தோம், ஏன் அங்கே அளந்தோம்னு ஒரு பக்கம் எழுதினா அதுக்கு மார்க் போடுங்க.

டிபார்ட்மென்ட் ஒத்துக்கிற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம் நண்பர்களே. உங்க வீட்டுப் பரண்ல நிச்சயம் ஒரு ஊமை ஸ்பீக்கர் இருக்கும். அடுத்த லீவுல அதை இறக்குங்க. தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி, மீட்டரை எங்கே வச்சீங்கன்னு மட்டும் ஒரு தடவை பாத்துக்கோங்க.