ஆயுளைச் சொல்லும் ஜீன்கள்! சாயத் தொழிலாளர் அறிய வேண்டிய செய்தி

திருப்பூர் என்றால் பனியன். பனியன் என்றால் சாயம். சாயநீரால் நொய்யல் ஆறு பாழான கதை ஊரறிந்தது. 2011-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டு உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் தெரிந்ததே. ஆனால் ஆற்றைப் பற்றிப் பேசிய அளவுக்கு, சாயத்தொட்டி அருகே நிற்பவரின் உடம்பைப் பற்றிப் பேச்சு இல்லை.

சாயத்துக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் பழைய உறவு உண்டு. 1895-ல் ஜெர்மனியில் டாக்டர் லுட்விக் ரேன், சாயம் தயாரிக்கும் தொழிலாளர்களிடம் இந்த நோயைக் கண்டார். பென்சிடின் போன்ற மூலப்பொருள்களே காரணம் என்று பின்னர் தெரிந்தது. இத்தகைய 112 சாயங்களை இந்திய அரசு 1990-களில் தடை செய்தது. எனவே இன்றைய சாயம் எல்லாமே விஷம் என்று பயப்பட வேண்டாம். இந்த நோய்க்கு முதல் காரணம் பீடியும் சிகரெட்டும்தான்! ஆனால், வேலை செய்து 20, 30 வருடம் கழித்தும் நோய் தலைகாட்டும் என்பதால், பழைய தொழிலாளர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரே நோய், இரண்டு முடிவு

இரண்டு பேருக்கு ஒரே நோய். ஒரே ஆபரேஷன். ஒருவர் பேரன் கல்யாணத்தைப் பார்க்கிறார். மற்றவர் ஒரு வருடத்தில் போய்விடுகிறார். ஏன்?

விடை ஜீன்களில் இருக்கிறது. நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் சுமார் 20 ஆயிரம் ஜீன்கள் உள்ளன. பனியன் கம்பெனியில் எந்த மெஷின் ஓடுகிறது, எது நிற்கிறது என்று பார்த்தால் என்ன சரக்கு வரும் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். கட்டியில் எந்த ஜீன்கள் வேகமாக வேலை செய்கின்றன, எவை தூங்குகின்றன என்று விஞ்ஞானிகள் கணக்கெடுக்கிறார்கள். அந்தக் கணக்குதான் கட்டியின் கைரேகை!

சிறுநீர்ப்பையின் தசைக்குள் புகுந்துவிட்ட 1,750 கட்டிகளை இப்படி ஆராய்ந்து, 2020-ல் ஆறு வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகையில் பாதிப்பேர் 4 வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தனர். மோசமான வகையில் பாதிப்பேர் ஒரு வருடத்தைத் தாண்டவில்லை. எவ்வளவு வித்தியாசம்!

வெறும் ஆயுள் கணக்கோடு இது நிற்கவில்லை. கட்டியில் எப்.ஜி.எப்.ஆர்.3 என்ற ஜீன் கெட்டுப்போயிருந்தால், அதைக் குறிவைத்துத் தாக்கும் எர்டாபிடினிப் என்ற மாத்திரைக்கு 2019-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஜோசியத்தைவிட இதுவே பெரிய லாபம்.

ஆனாலும், ஆயுள் கணக்கை நம்பி யாரும் சொத்தை எழுதி வைக்க வேண்டியதில்லை! ஆராய்ச்சிக் குழுக்கள் ஆளுக்கொரு ஜீன் பட்டியல் வைத்திருக்கின்றன. ஓரிடத்து நோயாளிகளிடம் பலித்தது மற்றோர் இடத்தில் பலிப்பதில்லை. மேலும், அது கூட்டத்துக்குச் சொல்லும் கணக்கு. தனி ஒரு மனிதரின் நாளை அது குறித்துக் கொடுப்பதில்லை.

இன்று கையில் உள்ள வழி

இந்த நோய் பெரும்பாலும் ஓர் அடையாளத்தோடு வருகிறது. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போகும். ஒரு நாள் வந்து, தானாக நின்றுவிடும். "உடம்புச் சூடு" என்று இளநீர் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் ஆபத்து! நோய் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் நாலில் மூன்று பேருக்குக் கட்டி தசைக்குள் போகாமல் மேலாகவே இருக்கிறது. அந்த நிலையில் வயிற்றைக் கிழிக்காமலே, சிறுநீர் வரும் வழியாகக் குழாய் விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம்.

டாக்டரிடம் போகும்போது, சாயப்பட்டறையில் எத்தனை வருடம் வேலை செய்தார், பீடி பிடிக்கிறாரா என்பதையும் சொல்ல வேண்டும். அவர் கூச்சப்பட்டால், கூடப் போகும் மனைவியோ மகனோ சொல்லலாம்.