ஜெனீவாவுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் எவ்வளவு தூரம்?



என் தம்பி மகள் சட்டக் கல்லூரியில் சேர விரும்புகிறாள். அதிலும் சர்வதேச மனித உரிமைச் சட்டம் பயில வேண்டுமாம். இதைக் கேட்டதும் இராஜபாளையத்து உறவினர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தச் சட்டத்துக்குப் போலீஸ் உண்டா? ஜெயில் உண்டா? சிவில் படித்தாலாவது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நாலு கேஸ் கிடைக்கும்" என்றார்.

கேள்வி நியாயமானதே. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை 1989ஆம் ஆண்டு ஏற்றது. அதில் 54 பிரிவுகள் உள்ளன. நாடுகள் அனுப்பும் அறிக்கைகளை ஜெனீவாவில் ஒரு குழு படிக்கிறது, கேள்வி கேட்கிறது, பரிந்துரை சொல்கிறது. யாரையும் கைது செய்ய அதனால் இயலாது.

எனினும் நான் உறவினர் கட்சியில் சேர மாட்டேன். காரணம், என் பால்யத் தோழி ஒருத்தி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தோம். கணக்கில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. ஆறாம் வகுப்புக்கு நான் நமது பள்ளிக்கு வந்தேன். அவள் சிவகாசித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். விடியுமுன்னே வண்டி வந்து அவளை ஏற்றிச் செல்லும். அது அநீதி என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கோ, தினமும் வண்டியில் போகிறாளே என்று பொறாமை!

பின்னாளில் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா, சிவகாசிக் குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது. அன்று உலக மனித உரிமை நாள். தற்செயலோ, நீதிபதிகளின் எண்ணமோ! நமது அரசியல் சட்டத்தோடு, 1992இல் இந்தியா ஏற்ற அந்த உடன்படிக்கையையும் நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். சட்டத்தை மீறி வேலை வாங்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தரவேண்டும். இயலாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். பிள்ளை பள்ளிக்குச் சென்றால்தான் அதன் வருமானம் குடும்பத்துக்குக் கிடைக்கும். போலீஸ் இல்லாத சட்டத்துக்கு நம்மூர்த் தொழிலாளர் ஆய்வாளரே கை கால் ஆனார் அன்றோ?

குறையும் சொல்லத்தான் வேண்டும். உடன்படிக்கையில் சேர்ந்தபோது, வேலைக்கான குறைந்தபட்ச வயதைப் 'படிப்படியாக' நடைமுறைப்படுத்துவோம் என்று இந்தியா அறிவித்தது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலும் தடை செய்யும் திருத்தம் 2016இல்தான் வந்தது. அதிலும் குடும்பத் தொழிலுக்குச் சில விலக்குகள். 1992இல் எட்டு வயதாயிருந்த பிள்ளைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது! பிள்ளைகள் படிப்படியாகக் காத்திருந்து வளர்வதில்லை.

இந்த இடைவெளியைத் தட்டிக் கேட்கத்தான் படித்தவர்கள் வேண்டும். 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, மாவட்டந்தோறும் செஷன்ஸ் நீதிமன்றத்தையே மனித உரிமை நீதிமன்றமாக அறிவிக்கலாம். நமது மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆக, என் தம்பி மகள் ஜெனீவாவுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. இராஜபாளையத்தில் பஸ் ஏறினால் போதும்.

அண்மையில் அந்தத் தோழியைச் சந்தித்தேன். தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் விரல்விட்டு ஏதோ எண்ணினாள்.

"இருபதாயிரமும் ஐயாயிரமும் இருபத்தஞ்சாயிரம். அதுக்கு மாச வட்டி எவ்வளவுன்னு பார்த்தேன். அன்னைக்கு அது வந்திருந்தா, எங்க அம்மா என்னை ஆறாவது அனுப்பியிருக்கும்" என்றாள்.