தட்டிக்கொடுத்தே தாழ்த்துகிறோம்

“எங்கட பொடியள் கடன்பட்டு எடுத்த படம். குறை எழுதாதேங்கோ தம்பி.” திருகோணமலையில் உள்ளூர்ப் படமொன்று திரையிடப்படும் நாளில் மண்டப வாசலில் இந்தக் குரல் கேட்கும். சொல்பவர் நல்லவர், கலையில் பற்றுள்ளவர். ஈழத்துத் தமிழ்ச் சினிமா இப்போதுதான் வளர்கிறது, அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும், கண்டிக்கக் கூடாது என்பது இங்கே ஏறத்தாழ எல்லோரும் ஏற்றுக்கொண்ட நம்பிக்கை. ஈழத்துத் தமிழ்ப் படமான ‘தோட்டக்காரி’ வெளிவந்தது 1963இல். அறுபது ஆண்டுகள் கழிந்த பிறகும் அதே சலுகையைக் கேட்பது நம் கலைஞர்களை நாமே தாழ்த்துவதாகும்.

அந்தச் சலுகையில் எழுதப்படும் விமர்சனத்தை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். முதற் பத்தியில் படம் இராது, படம் எடுத்த சிரமம்தான் இருக்கும்: வாடகைக் கமெரா, அடகு வைத்த நகை, லீவு போட்டு வந்து நடித்தவர்கள். அடுத்து, திரையிடலுக்கு வந்த பிரமுகர்களின் பெயர்கள். பிறகு ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி, இசை மனதை வருடுகிறது, நடிப்பு யதார்த்தம். யாருடைய நடிப்பு, எந்த இடத்தில் என்று ஒரு சொல் இராது. ‘சிற்சில குறைகள் இருந்தாலும்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கும். அந்தக் குறைகள் எவை என்பது கடைசிவரை தெரியாது. முடிவில், அனைவரும் அவசியம் பார்க்க வேண்டும் என்ற வேண்டுகோள். படத்தின் பெயரை மட்டும் மாற்றினால் அதே எழுத்து இன்னொரு படத்துக்கும் பொருந்தும். இதை அன்பு என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வருடக்கணக்கில் உழைத்தவரின் வேலையைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் அவரை வாழ்த்தி அனுப்புவது அவமதிப்பு. கடமைக்காக வந்து பார்க்கும் சனம் அடுத்த படத்துக்கு வராது என்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

சொல்ல ஒன்றுமில்லையா? நம் ஊரில் படமெடுப்பவர்களுக்கு ட்ரோன் கிடைத்துவிட்டால் அது கோணேசர் மலையைச் சுற்றும், உட்துறைமுகத்தின் மேல் நீளப் பறக்கும். யார் எடுத்தாலும் அழகாக வரும் இடம் அது. அந்தக் காட்சி கதைக்கு என்ன செய்கிறது என்று கேட்க வேண்டியவர் விமர்சகர். 1962இல் மைக் வில்சன் ‘ரன்முத்து தூவ’ என்ற சிங்களப் படத்துக்காக இதே கடலுக்குள் கமெராவை இறக்கினார். முதல் முழுநீள வண்ணச் சிங்களப் படம் அது. கதையே புதையல் தேடுவதுதான். கமெரா தண்ணீருக்குள் போகக் காரணம் இருந்தது. இன்னொன்று: திருக்கடலூர் மீனவர் கோபம் வந்ததும் சென்னைப் பட வில்லனைப் போல ஏன் பேசுகிறார்? மூதூர், கிண்ணியா, உப்புவெளி என்று இந்தக் குடாவைச் சுற்றி இத்தனை விதமான தமிழ் காதில் விழுந்துகொண்டிருக்கும்போது அவருக்கு ஏன் அந்தக் கடன்குரல்? இதை எழுதாதவர் அந்த மீனவரையும் பார்க்கவில்லை, அவராக நடித்தவரையும் பார்க்கவில்லை.

ஒரு கடுமையான விமர்சனம் படத்தைக் கொன்றுவிடும் என்பார்கள். தமிழ்நாட்டிலும் இதே நம்பிக்கைதான். 2024 நவம்பரில் ‘கங்குவா’ படம் அடிபட்டதும் யூடியூப் விமர்சகர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடக்கூடாது என்றார்கள் தயாரிப்பாளர்கள். முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனத்துக்கே தடை கேட்டபோது சென்னை உயர் நீதிமன்றம் தர மறுத்தது. நம் வரலாறு வேறு பாடத்தைத்தான் சொல்கிறது. காவலூர் இராஜதுரையின் எழுத்தில் தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பொன்மணி’ 1977இல் வந்தது. யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் நேரே பார்த்த படம். ஓடவில்லை. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களுக்குப் பழகிய கண்களுக்கு அதன் மெதுநடை பிடிபடவில்லை. ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது என்று வாசகரைப் பழக்கிய திரை விமர்சனம் நம்மிடம் வலுவாக இருந்திருந்தால் ‘பொன்மணி’க்குப் பார்வையாளர்கள் கிடைத்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

சிங்களச் சினிமா தொடங்கிய இடமும் தென்னிந்தியாதான். முதல் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947இல் வந்தது, தமிழரான எஸ்.எம். நாயகம் மதுரையில் தயாரித்தது. அதன்பின் வந்தவற்றை நகல்கள் என்று பத்திரிகைகளில் ஒளிவுமறைவின்றி எழுதினார்கள். 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து ‘ரேகாவ’ எடுத்தார். அவருடைய ‘கம்பெரலிய’வுக்குத் திரைக்கதை எழுதிய ரெஜி சிறிவர்த்தன ஒரு விமர்சகர். அங்கே விமர்சனம் படைப்புக்குள்ளேயே போய் வேலை செய்தது.

கடுமை என்றால் கேலி என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளூர்ப் படத்துக்கு மாலை போடும் அதே இளைஞர்கள் சென்னைப் படம் என்றால் நடிகரின் முகத்தை, உடம்பை, வயதை நையாண்டி செய்கிறார்கள். அந்தத் தொனியிலும் படம் பார்க்கப்படுவதில்லை. தமிழின் மிகக் கடுமையான விமர்சகர்களில் ஒருவரை, பிரமிளை, பெற்றது இந்தத் திருகோணமலை. அவருடைய தாக்குதல்களில் தனிப்பகையும் கலந்தது, அதை நான் பின்பற்றச் சொல்லவில்லை. ஆனால் மௌனியின் கதைகளுக்கு அவர் எழுதிய முன்னுரையைப் படித்தால், ஒரு படைப்பை எவ்வளவு நெருங்கிப் போய்ப் பார்க்க முடியும் என்பது தெரியும். அந்த நெருக்கம் இருந்தால்தான் கடுமைக்கு உரிமை வரும்.

எழுதுபவரும் எடுத்தவரும் ஒரே ஊர், நாளைக்குச் சந்தையில் முகம் பார்க்க வேண்டுமே என்பது உண்மையான சங்கடம். அதனால்தான் காட்சியைச் சுட்டி எழுதச் சொல்கிறேன். ‘படம் சரியில்லை’ என்றால் அது ஆளைக் குத்தும். ‘மகனைக் கூட்டிக்கொண்டு போகும்போது தாய் ஏன் அறைக்குள்ளேயே நிற்கிறாள், அவள் வாசலுக்கு வந்திருந்தால் பிறகு வரும் மன்னிப்புக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால் அது திரைக்கதையைப் பற்றியது. இயக்குநர் கோபத்தோடு வீடு தேடி வரலாம். வரட்டும். அந்தத் தாய் ஏன் அறைக்குள் நின்றாள் என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கும், அதைக் கேட்க நான் ஆவலாக இருக்கிறேன்.