குளிசை தரும் நித்திரை

வன்னி மக்களின் நித்திரையின்மைக்குக் குளிசையே மருந்தென்று கருதுவோர் உளர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றது. உறவுகளை இழந்தோரின் இரவுகளில் அது முடிவுறவில்லை. டயசிபாம் போன்ற குளிசைகள் விழிப்பை மறைக்குமேயன்றி அதன் காரணத்தை மாற்றா. நாட்செல்ல உடல் பழகிவிடும். முன்னைய அளவு போதாதாகும். கொடுந்துயரின் பின் முதல் மாதத்து நித்திரையின்மைக்கு இவ்வகைக் குளிசைகளை வழங்கலாகாதென உலக சுகாதார நிறுவனமே 2013இல் அறிவுறுத்தியது.

எனினும், பழகியவர் திடீரென நிறுத்துதலும் தவறு, வலிப்பும் வரக்கூடும். வைத்தியர் துணையுடன் சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். நாடோறும் ஒரே நேரத்தில் எழுதலும், நித்திரை வாராதபோது பாயை விட்டு நீங்குதலும் உடல் மறந்த பழக்கத்தை மீட்கும்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டந் தொடங்கிய தாய்மாருக்கோ இவையும் போதா. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய விடையே அவர்க்கு வேண்டும். விடையை மறுத்துக் குளிசையை நீட்டுதல் மருத்துவமன்று, வாயடைப்பு.