கூவாகத்துக்கு வரும் கேமராக்களும் வராத விமர்சனமும்

சித்திரை முழுநிலவு நெருங்கினால் போதும், நம் பத்திரிகைகளுக்குக் கூவாகம் நினைவுக்கு வந்துவிடும். தாலி கட்டும் இரவு, தாலி அறுக்கும் பகல், அதையொட்டி விழுப்புரத்தில் அழகிப் போட்டி. நான்கு வண்ணப்படங்கள், உருக்கமாக இரண்டு பத்திகள். பிறகு அடுத்த சித்திரைவரை மௌனம். இந்த வருடாந்திரப் பரிவைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

வானூர், திண்டிவனம், செஞ்சி வட்டாரம் கூத்து மண். திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் அரவான் களப்பலி விடிய விடிய நடக்கும்; ஆண்களே பெண்வேடம் கட்டுவார்கள். சாகப்போகிறவனை மணக்கக் கண்ணன் மோகினியானதைக் கைகூப்பி ஏற்கும் இதே சமூகம், விடிந்த பின்னும் பெண்ணாகவே வாழத் துணிந்தவர்களை வீட்டைவிட்டுத் துரத்தியது. துரத்தப்பட்டவர்கள் அரவானையே கணவனாக வரித்து, மறுநாள் வளையல் உடைத்து, வெள்ளைச் சேலையில் ஒப்பாரி வைக்கிறார்கள். இது வெறும் வேண்டுதலன்று, நிகழ்த்துகலை.

ஓரினக்காதல் மேற்கத்திய இறக்குமதி என்று சொல்வோருக்கு ஒன்று: இறக்குமதியானது சட்டம்தான். 1860இல் காலனிய அரசு இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஆயுள் தண்டனைவரை விதித்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டமோ, வட மாகாணங்களில் ‘அலிகள்’ எனப் பதிவு செய்யப்பட்டவர்கள் பெண்ணுடையில் தெருவில் தோன்றுவதையும் பொது இடத்தில் ஆடிப்பாடுவதையும்கூடக் குற்றமாக்கியது. ஆட்டத்துக்கு அஞ்சிய அரசுக்கு அதன் வலிமை தெரிந்திருந்தது. நம் விமர்சகர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

அச்சத்தின் நிழலில் அவர்கள் தமக்கென ஒரு மொழியையே புழங்கினார்கள். வெளியாருக்கு விளங்காத சொற்கள், கைதட்டலில் அடங்கிய குறிப்புகள். குழூஉக்குறி என்று நன்னூலில் படித்த நமக்கு அது தெருவில் கேட்டபோது கேலியாக மட்டுமே தோன்றியது.

2005இல் ரேவதி தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ வந்தது. 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’. இரண்டையும் பெரும்பாலோர் வாக்குமூலங்களாகவே வாசித்தார்கள். எத்தனை துயரம் என்றார்கள். நடை எப்படி, அமைப்பு எப்படி என்று கேட்டவர் அரிது. வித்யா நாடகக் கலைஞர் என்பதும் அடிக்குறிப்பாகிப் போனது. அழுதுகாட்டினால் அனுமதி, எழுதிக்காட்டினால் அலட்சியம் என்பது என்ன அறம்?

கூவாகத்தின் இருளில் இன்னும் பலர் இருக்கிறார்கள்: மீசை வைத்த, மணமான, ஆணை நேசிக்கும் ஆண்கள். படத்துக்கு நிற்க முடியாததால் அவர்கள் செய்தியாவதில்லை. பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கோ ஒரு திருவிழாகூடக் கிடையாது. 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் கதவைத் திறந்தது; 2013இல் உச்சநீதிமன்றம் மூடியது; 2018 செப்டம்பர் 6 அன்று அதுவே மீண்டும் திறந்தது. சிற்றிதழ்களின் கதவைத் திறக்க எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

பரிவு வேண்டாம். ஐப்பசியிலும் மார்கழியிலும் அவர்களிடம் கதை கேளுங்கள், கவிதை கேளுங்கள். நன்றாயில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். எழுத்தாளருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அதுதான்.