கூடத்தில் ஓர் இணையம்



சென்ற மாதம் ஒரு நாள் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஹஜ்ரத், சிங்கப்பூரில் இருக்கும் மகன் பணம் அனுப்பி, இணைய வசதியுள்ள டி.வி. ஒன்று வாங்கி மாட்டச் சொல்கிறான். வீட்டில் வயதுக்கு வந்த பேத்திகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் போனைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கூடத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற பெட்டியிலேயே இணையம் வந்துவிடுமென்றால், அது போதும் இல்லையா?" என்று கேட்டார்.

"விசாரித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் பதில் சொன்னேன். காரணம் உண்டு. இதே கேள்விக்கு என் வீட்டில் ஒருமுறை அவசரப்பட்டு விடை சொல்லி, அந்த விடை தவறென்று பின்னர் உணர்ந்தவன் நான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், பாபநாசம் வட்டத்தில் குடமுருட்டி ஆற்றை ஒட்டிய எங்கள் பகுதியில் இந்த வசதியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறவர்கள் என்னிடம் கூறியவற்றைக் கேளுங்கள்.

நன்னிமா ஒருவருக்குக் கண்புரை. கைப்பேசியின் சிறிய திரையில் பேரனின் முகம் அவருக்குப் புகைபோலத்தான் தெரியுமாம். இப்போது மருமகள் கைப்பேசியில் வரும் அழைப்பைத் தொலைக்காட்சித் திரைக்கு மாற்றிக் கொடுக்கிறார். "அவனுக்கு முன்பல் விழுந்திருப்பதுகூட எனக்குத் தெரிந்தது" என்று மகிழ்ந்து போனார் அந்த மூதாட்டி. கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் இல்லாத தெரு நம் பகுதியில் ஏது? அந்த மகிழ்ச்சியின் அருமை உங்களுக்கே தெரியும்.

ஆனால் அதே வீட்டு மருமகள் என் மனைவியிடம் சொன்னது வேறு. "அவங்க முகம் பெரிசாகத் தெரிகிறது, உண்மைதான். ஆனால் மாமா, மாமி, கொழுந்தன், பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது நான் என்ன பேச முடியும்? நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா என்பதோடு முடிந்துவிடுகிறது." மாதக்கணக்கில் கணவனைப் பிரிந்திருக்கும் ஒரு பெண்ணின் சொல் இது. சற்று நின்று யோசிக்க வேண்டிய சொல்லும்கூட.

மூன்று வேலி நிலம் பார்க்கும் விவசாயி ஒருவர் இதற்குப் பெரிய ஆதரவாளர். இயந்திர நடவு, இலைச்சுருட்டுப் புழு, ஆனைக்கொம்பன் பற்றியெல்லாம் காட்சிகளைப் பெரிய திரையில் போட்டு, பக்கத்து வயல்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்ப்பாராம். "ஆனால் கொள்முதல் நிலையத்தில் நெல் போட இணையத்தில் பதிய வேண்டுமென்றார்கள். அப்போது இந்தப் பெட்டி உதவவில்லை. சிட்டாவை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குத்தான் போனேன்" என்றார்.

கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் சகோதரர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். அவர் வீட்டுப் பெட்டியில் எல்லாருக்கும் ஒரே கணக்கு. யூடியூப் ஒருவர் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு, அதைப்போன்ற வேறு பத்தை முன்வைக்கும். அம்மாவின் கிராஅத் காட்சிகளுக்கு நடுவே மகனின் மல்யுத்தம் வந்து நிற்கிறது. "அதுகூடப் பரவாயில்லை ஹஜ்ரத். எல்லாரும் தூங்கிய பிறகு நான் பார்த்த சினிமாப் பாட்டுகளை, மறுநாள் காலையில் பிள்ளைகளிடம் அது காட்டிக்கொடுத்துவிட்டது!" என்றார். பிள்ளைகளைக் கண்காணிக்கப் பெட்டியை வாங்கினார். அகப்பட்டவர் அவராகவே இருந்தார்.

இந்தக் கருத்துகளெல்லாம் புதியவை அல்ல என்பதுதான் வியப்பு. ஏறத்தாழ இதே புகழ்ச்சியும் இதே குறையும் அமெரிக்காவில் முன்பே பேசப்பட்டவை. 1995-ஆம் ஆண்டு ஸ்டீவ் பெர்ல்மன் என்பவர் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் தொடங்கினார். 'வெப் டி.வி.' என்று பெயர். நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியதும் அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான். 1996 செப்டம்பரில் வெப் டி.வி.யின் பெட்டிகளை சோனியும் பிலிப்சும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. விலை 300 டாலருக்குச் சற்று மேல். தொலைபேசிக் கம்பியை ஒரு புறமும் தொலைக்காட்சியை மறுபுறமும் இணைத்துவிட்டால் போதும். கணிப்பொறி இல்லாமலே இணையம் வீட்டுக்கு வரும்.

கணிப்பொறியைக் கண்டாலே அஞ்சிய முதியவர்கள் அதை விரும்பி ஏற்றனர். நாற்காலியில் சாய்ந்தபடியே பேரப்பிள்ளைகளின் மின்னஞ்சலைப் படித்தனர். மறுபுறம், பழைய தொலைக்காட்சித் திரையில் சிறிய எழுத்துகள் தெளிவாகத் தெரியவில்லை, கணிப்பொறிக்கென்று அமைத்த பக்கங்கள் இதில் சரியாக விரியவில்லை, எதையும் சேமித்து வைக்க முடியவில்லை என்ற குறைகளும் எழுந்தன. இவற்றினும் முக்கியமாக எனக்குப் படுவது ஒன்று: பெட்டியோடு தொலைவியக்கி மட்டுமே வரும்; தட்டெழுதும் பலகை வேண்டுமானால் அதைத் தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். பார்ப்பதற்குரிய கருவியைக் கையில் தந்தார்கள். கேட்பதற்கும் எழுதுவதற்கும் உரிய கருவி தனி விலைக்கு விற்கப்பட்டது.

1997-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 42.5 கோடி டாலர் விலைபேசி வெப் டி.வி.யை வாங்கியது. 2001-இல் 'எம்.எஸ்.என். டி.வி.' என்று பெயர் மாற்றியது. 2013 செப்டம்பர் 30 அன்று அந்தச் சேவை மூடப்பட்டது. அதற்குள் இணையம் மனிதர்களின் சட்டைப்பைக்குள் புகுந்துவிட்டிருந்தது.

நம் ஊருக்குத் தொலைக்காட்சி வந்த வழியும் உங்களுக்கு நினைவிருக்கும். 2006 செப்டம்பர் முதல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அவை போய்ச் சேர்ந்தன. குடிசைக்குள்ளும் 14 அங்குலத் திரை ஒளிர்ந்தது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2017-இல் பழைய பெட்டியின் பின்புறம் செருகும் அமேசான் 'ஃபயர் ஸ்டிக்' இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 2018-இல் ஷாவ்மி நிறுவனம் 32 அங்குல இணையத் தொலைக்காட்சியை 13,999 ரூபாய்க்கு விற்றது. மறு ஆண்டு ஜியோவின் கண்ணாடியிழை இணைப்பும் வந்தது. அமெரிக்காவில் கடைவிரித்து மூடப்பட்ட அந்தப் பழைய எண்ணம், இப்படித்தான் நம் கூடத்துச் சுவரில் வந்து மாட்டிக்கொண்டது.

இதன் எல்லை எதுவரை என்பதை 2020-ஆம் ஆண்டு நமக்குத் தெளிவாகக் காட்டியது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த நாள்களில், முந்திய ஆண்டு தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வகுப்பு வகுப்பாகப் பாடம் நடத்தியது. பெரிய உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டுப்பாடமும் ஆசிரியரின் பதிலும் வாட்ஸ்அப்பில் வந்தன. தொலைக்காட்சி மட்டும் இருந்த வீட்டுப் பிள்ளை பாடத்தைக் கேட்டது; தன் சந்தேகத்தைக் கேட்க அதற்கு வழியில்லை.

இனி, என் கதை.

எனக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் கல்லூரியில் சேர்ந்ததும் அவனுக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கையில், "உனக்குக் கூடத்துப் பெட்டி இருக்கிறதே, வேண்டியதை அதில் பார்" என்றேன். அவளும் முகம் சுளிக்காமல் பார்த்தாள். கணக்குப்பதிவியல் பாடங்களையும் ஆங்கில உரைகளையும் அதில் போட்டு, தம்ளரில் தேநீரை வைத்துக்கொண்டு குறிப்பெடுப்பாள். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். எனக்குப் பெருமை. எல்லார் கண்முன்னும் படித்து முன்னேறும் பிள்ளை என்று மதரஸாவில்கூட எடுத்துச் சொன்னதுண்டு.

பிறகு கல்லூரி விண்ணப்பம். வணிகவியல் படிக்க வேண்டுமென்பது அவள் ஆசை. எல்லாம் இணைய வழி. தொலைவியக்கியின் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தித் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக இட்டிருக்கிறாள். சான்றிதழின் படத்தை ஏற்ற அந்தப் பெட்டியில் வழியில்லை. அண்ணன் வெளியூரில். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைப்பேசியை இரவல் வாங்கி மறுபடி தொடங்கியிருக்கிறாள். பதிவு செய்ய என் எண்ணைக் கொடுத்ததால், ஓ.டி.பி. என் கைப்பேசிக்குத்தான் வந்தது. நான் இஷா வரை மதரஸாவில். கைப்பேசி ஒலியடங்கிப் பையில் கிடந்தது. வந்த எண் சில நிமிடங்களில் காலாவதியானது. இரவில் சொன்னாள். "நாளை பார்ப்போம்" என்றேன். மறுநாள் ஒரு ஜனாஸா. அதற்கடுத்த நாள் வேறொன்று. கடைசித் தேதி கடந்துபோனது. வேறொரு கல்லூரியில், மீதமிருந்த ஒரு பாடத்தில்தான் அவளைச் சேர்க்க முடிந்தது.

அவள் அழவில்லை, சண்டையிடவும் இல்லை. "அத்தா, அந்தப் பெட்டியில் எனக்கு எல்லாமே தெரிகிறது. ஆனால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை" என்றாள். அவ்வளவுதான்.

நான் கலைப்பட்டதாரி. நான் கல்லூரியில் சேர, எழுதப் படிக்கத் தெரியாத என் அத்தா பேருந்தேறித் தஞ்சாவூர் போய், வரிசையில் நின்று விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தார். பட்டம் படித்த நான், என் மகளுக்கு ஓர் எண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. நினைக்கும்போதெல்லாம் தலை குனிகிறேன்.

நம் விவசாயிகளுக்கு ஓர் உண்மை தெரியும். ஆற்றில் கரைபுரண்டு தண்ணீர் போகலாம். நம் வயலுக்கு மடை இல்லையென்றால் அதைக் கரையில் நின்று பார்க்கத்தான் முடியும். தொலைக்காட்சி இணையம் மட்டும் உள்ள பெண் பிள்ளை கரையில் நிற்கிறாள். விண்ணப்பம், உதவித்தொகை, வங்கிக் கணக்கு, ஆசிரியருக்கு எழுதும் மடல் இவையெல்லாம் அவளுக்கு அக்கரையில் இருக்கின்றன. ஆண் பிள்ளைக்கு மடையைத் திறந்துவிட்டு, பெண் பிள்ளையைக் கரையில் நிறுத்தியதை நான் ஒழுக்கம் என்று எண்ணியிருந்தேன். அது ஓரவஞ்சனை.

பொதுவில் இருப்பதால் பெட்டி பாதுகாப்பானது என்ற எண்ணத்திலும் பாதிதான் உண்மை. நாம் அதைப் பார்ப்பதைப்போல் அதுவும் நம்மைப் பார்க்கக்கூடும். அமெரிக்காவில் 'விசியோ' என்ற நிறுவனம், 1.1 கோடித் தொலைக்காட்சிகளில் மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை நொடிக்கு நொடி, அவர்கள் அறியாமலே திரட்டியது என்ற குற்றச்சாட்டுக்கு உள்ளானது. 2017-இல் 22 லட்சம் டாலர் செலுத்தி அந்த வழக்கை முடித்துக்கொண்டது. பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழையப் பழகிய நாம், அனுமதி கேளாமல் நம் கூடத்துக்குள் நுழைவது எது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியைத் தாராளமாக வாங்குங்கள், கூடத்திலேயே மாட்டுங்கள். சேர்ந்து பார்க்க அதைப்போல வசதி வேறில்லை. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வையுங்கள். சிறு பிள்ளைகளுக்குக் குழந்தைகள் பகுதியைத் திறந்து, மற்றவற்றுக்கு ரகசிய எண் இடுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே ஓடும் வசதியை நிறுத்திவையுங்கள். அமைப்புப் பகுதிக்குப் போய், நீங்கள் பார்ப்பதைக் குறிப்பெடுத்து அனுப்பும் அனுமதி இருந்தால் அதை விலக்குங்கள். கைப்பேசியின் இணைப்பைக் கொண்டு பெட்டியை ஓட்ட வேண்டாம். தெளிவு மிகுந்த படத்தை ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜி.பி. வரை செலவாகும், நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. கிடைக்கும் திட்டம் அரை மணியில் தீர்ந்துவிடும்.

ஆனால் இது போதும் என்று மட்டும் எண்ணாதீர்கள். பேத்திகளுக்கும் கைப்பேசியோ மடிக்கணினியோ வேண்டும். அவர்கள் பெயரில் எண்ணும் மின்னஞ்சலும் வேண்டும். நேரக் கட்டுப்பாடு வைப்பதானால் வையுங்கள். அதைப் பேரன்களுக்கும் வையுங்கள், நமக்கும் வைத்துக்கொள்வோம். மருமகள் தன் கணவரோடு பேசும்போது, நன்னிமா பேசி முடித்ததும் அழைப்பைக் கைப்பேசிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து செல்லுங்கள்.

பெரியவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "சின்னவள் நர்சிங் படிக்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்கும் இணையத்தில்தான் போட வேண்டுமா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "கடைசித் தேதி என்றைக்கு என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

அன்று மாலையே கேட்டுச் சொன்னேன். இந்த முறை மறக்கவில்லை.

உங்கள் வீட்டில் இது எப்படி நடக்கிறது? குறிப்பாகச் சகோதரிகளும் மாணவிகளும் எழுதுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.