மாசக் கடைசி அழைப்புக்கு யார் பொறுப்பு?

"மாசம் முடியுது கண்ணு. இன்னும் கொஞ்சம் பி.வி.தான் குறையுது. நீயே ஏதாவது எடுத்துப் போட்டுடு, அடுத்த மாசம் வித்துக்கலாம்."

நேரடி விற்பனையில் இருக்கும் பெண்களைக் கேட்டால் இந்தப் பேச்சை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். பேசுகிறவர் அவர்களைத் தொழிலில் சேர்த்துவிட்ட அக்கா. தொழிலில் அவருக்குப் பெயர் அப்லைன். 28ஆம் தேதி தாண்டிவிட்டால் இந்த அழைப்பு இரவு பத்து மணிக்கும் வரும். எடுக்காவிட்டால் குழுவின் வாட்ஸ்ஆப்பில், பெயர் சொல்லாமல், "சிலருக்கு இன்னும் சீரியஸ்னெஸ் வரலை" என்று குரல் பதிவு வரும்.

இதையெல்லாம் இரண்டு பேருக்கு இடையிலான மனத்தாங்கல் என்று ஒதுக்கிவிடுகிறோம். "முடியாதுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே" என்று சுலபமாக அறிவுரையும் சொல்கிறோம். அந்த 'முடியாது' ஒருத்தியின் தைரியத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அவள் அதைச் சொல்லும்போது நிறுவனம், குடும்பம், மகளிர் குழு, அரசு எல்லாம் அவள் பக்கம் நிற்க வேண்டும்.

அழைப்பு ஏன் மாசக் கடைசியில் வருகிறது? இந்தத் தொழிலின் பல திட்டங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் விலையோடு ஒரு புள்ளி மதிப்பும் உண்டு. அதுதான் பி.வி. ஒருவரும் அவருக்குக் கீழே சேர்ந்தவர்களும் ஒரு மாதத்தில் சேர்க்கும் புள்ளிகளை வைத்து அவருடைய கமிஷன் விகிதம் முடிவாகும். மாதம் முடிந்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கீழே ஒருத்தி வாங்காமல் விட்டால் மேலே இருப்பவர் ஒரு படி சறுக்கலாம். அக்காவின் பேச்சில் இருக்கும் அக்கறை பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்குள் அவருடைய வருமானமும் இருக்கிறது என்பதைக் கேட்பவள் மறக்கக் கூடாது. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அவருடைய போனும் அந்த ராத்திரியில் அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இந்த அழைப்புகளின் மிச்சத்தைப் பீரோவின் அடித்தட்டில் பார்க்கலாம். பிரிக்காத புரோட்டீன் பவுடர் டப்பாக்கள், அட்டைப்பெட்டியோடு பாத்திரம் துலக்கும் திரவம், பழைய சேலைக்கு அடியில் சொருகிய பற்பசைகள். மூடியில் அச்சிட்ட தேதி நெருங்க நெருங்க அவை சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பரிசாகப் போகும், அல்லது பாதி விலைக்குப் போகும். பீரோவின் லாக்கரில் மடித்து வைத்த நகைக்கடன் ரசீது ஒன்று இருக்கும். வீட்டுக்காரருக்கு அது தெரியாது.

இவ்வளவு தெரிந்தும் மறுக்க முடியாமல் போவதற்குக் காரணம், அந்த அக்கா உண்மையிலேயே நல்லது செய்தவர் என்பதுதான். சமையலறையைத் தாண்டி வெளியே வராத ஒருத்தியை நாலு பேர் முன்னால் நிறுத்தி மைக்கைக் கையில் கொடுத்தவர் அவர். பழக்கமில்லாத வீட்டின் அழைப்பு மணியை அழுத்தவும், பொருளைக் காட்டி விலை சொல்லவும், வரவு செலவு எழுதவும் கற்றுக்கொடுத்தார். "உன்னால முடியும்" என்று அவளிடம் முதலில் சொன்னதும் பல நேரம் அவர்தான். போதாததற்கு அவர் மாமியாரின் தங்கையாகவோ, எதிர்வீட்டுக்காரராகவோ, மகனோடு படிக்கும் பையனின் அம்மாவாகவோ இருப்பார். தொழில் சொல்லிக்கொடுத்தவரை எதிர்த்துப் பேசுவது நம் ஊரில் நன்றி கெட்டதனம். அந்தச் சங்கடத்தின் மேல்தான் மாசக் கடைசி ஆர்டர் போடப்படுகிறது.

அதிகாலையில் ஸ்டேட்டஸ் போடச் சொல்வது, கூட்டத்துக்குப் போனதற்குப் போட்டோ கேட்பது எல்லாம் தொந்தரவுகள். அவற்றைச் சமாளித்துவிடலாம். நான் அஞ்சுவது 'நெகட்டிவ்' என்ற சொல்லுக்கு. கடன் வாங்காதே என்று சொல்லும் கணவர் நெகட்டிவ். கூட்டத்துக்கு ஏன் இவ்வளவு பணம் கட்டுகிறாய் என்று கேட்கும் அம்மா நெகட்டிவ். விலகிப்போன தோழி நெகட்டிவ், அவளோடு பேசக் கூடாது. இப்படி ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டே போனால், கடைசியில் அவள் யோசனை கேட்க அந்த ஒரு அக்காதான் மிஞ்சுவார். வழிகாட்டுவது எங்கே முடிந்து ஆட்டிவைப்பது எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

அவள் தன் எல்லைக்கோட்டை மாதம் முடியும்போது போட்டால் நிற்காது. முதல் தேதியே போட வேண்டும். "அக்கா, இந்த மாசம் கையில ஆர்டர் இருக்கற அளவுக்குத்தான் எடுப்பேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல பிள்ளைங்க படிப்பு, போன் எடுக்க மாட்டேன்" என்று செய்தியாகவே அனுப்பிவிடலாம். காரணங்களை அடுக்க வேண்டியதில்லை. மறுப்பை எப்படிக் கையாள்வது என்று இந்தத் தொழிலில் பயிற்சியே கொடுக்கிறார்கள். பணமில்லை என்றால் அதற்கு ஒரு பதில், நேரமில்லை என்றால் அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். முடிவை மட்டும் சொன்னால் வாதத்துக்கு இடம் குறைவு. இன்னொன்றிலும் விட்டுக்கொடுக்கவே கூடாது: "ஓ.டி.பி.யைச் சொல்லு, நானே உன் ஐடியில போட்டுடறேன்" என்பதற்கு இணங்கக் கூடாது. ஐடி அவள் பெயரில் இருக்கிறது. பில்லும் அவள் பெயரில்தான் வரும்.

சட்டம் இவளை முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. 2016இல் மத்திய அரசு வெளியிட்ட நேரடி விற்பனை வழிகாட்டு நெறிமுறைகள், நியாயமாக விற்கக்கூடிய அளவைத் தாண்டிப் பொருள் வாங்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றன. சேர்வதற்குக் கட்டணம் கூடாது, விற்கத்தக்க நிலையில் உள்ள பொருளை நியாயமான நிபந்தனையில் நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லின. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன. ஒப்பந்தம் போட்ட பிறகு அபராதமில்லாமல் விலகிக்கொள்ள ஒரு கால அவகாசத்தைப் பற்றி அவை பேசுகின்றன. குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், மாநில அரசுகள் கண்காணிப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் இந்த விதிகளின் கவலை பெரும்பாலும் பொருள் வாங்குபவரைப் பற்றியது. இரவு பத்து மணி அழைப்பு அதற்குள் அடங்குவதில்லை. அவள் யாருக்கும் ஊழியர் அல்ல. ஆகவே வேலை நேரம், விடுப்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டிருந்த பெண்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் நம் மாநிலம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கண்ணுக்கு முன்னால் நின்றவர்களுடைய வலியைப் பல வருடம் கழித்தாவது பார்த்தோம். வீட்டுக்குள்ளிருந்து விற்பவளின் வலியை இன்னும் பார்க்கவில்லை.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது அதிகம். மாதத்தின் கடைசி மூன்று நாளில், விற்பவர் தன் பெயரிலேயே போட்டுக்கொள்ளும் ஆர்டர்கள் எவ்வளவு என்று அவர்களுடைய கணினியிலேயே இருக்கும். அது திடீரென்று ஏறும் குழுக்களின் தலைவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பது பெரிய காரியம் இல்லை. ஒரு தலைவரை மேடையேற்றி மாலை போடுவதற்கு முன், அவருக்குக் கீழே எத்தனை பேர் கடனில் இருக்கிறார்கள் என்று ஒரு முறை விசாரிக்கட்டும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அவள் கடனைச் சொல்லும் நாளில் "நான் அப்பவே சொன்னேன்" என்ற பேச்சு வேண்டாம். அதைக் கேட்கப் பயந்துதான் அவள் அடுத்த மாதமும் ஆர்டர் போடுகிறாள். அக்கம்பக்கத்தில் இருக்கும் நாமும் இரக்கப்பட்டு ஒரு பற்பசை வாங்கி, அடுத்த முறை கதவைத் திறக்காமல் ஒளிந்துகொள்ள வேண்டாம். வேண்டும் என்றால் வாங்குவோம், வேண்டாம் என்றால் முகத்துக்கு நேரே சொல்வோம். அப்போதுதான் உண்மையில் எவ்வளவு விற்கும் என்ற கணக்கு அவளுக்குக் கிடைக்கும்.

நான் அதிகம் நம்புவது மகளிர் சுய உதவிக் குழுக்களை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய அந்த முயற்சி இன்று மாநிலம் முழுக்கப் பரவியிருக்கிறது. கூடிப் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடும் பழக்கம் அங்கே இருக்கிறது. குழுக் கூட்டத்தில் யாரும் யாரையும் ஐடி போட்டு இந்தத் தொழிலில் சேரச் சொல்லக் கூடாது, ஸ்டாக் எடுப்பதற்காகக் குழுவில் கடன் கிடையாது, விற்பனையில் இருக்கும் உறுப்பினர் மாதம் ஒரு முறை இருப்பையும் கடனையும் குழுவில் மனம்விட்டுச் சொல்லலாம் என்று மூன்று தீர்மானங்கள் போட்டால் போதும். அதன் பிறகு அக்காவுக்கு அவள் சொல்லும் பதில் "எங்க குழுவுல இப்படி முடிவு பண்ணியிருக்கோம்" என்று மாறும். அந்த அக்காவும் அதே குழுவில் உறுப்பினராக இருக்கக்கூடும். இருந்தால் அவரும் கையெழுத்துப் போடுவார், தன் அப்லைனுக்கு அதையே பதிலாகவும் சொல்வார்.